நெகட்டிவ் கைமாறிய கதை: கல்யாணப் புகைப்படக்காரரின் தொழிலும் வீடும்

பணம் கொடுத்து எடுக்கச் சொல்லும் புகைப்படத்துக்கு உரிமையாளர் யார்? எடுத்தவர்தான் என்று பலரும் நினைக்கிறார்கள், புகைப்படக்காரர்கள் உட்பட. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் வேறு மாதிரி சொல்கிறது. தனியாக உடன்பாடு எதுவும் இல்லாவிட்டால், எடுக்கச் சொல்லிப் பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர் என்கிறது அதன் 17(பி) பிரிவு. கேமராவைப் பிடித்தவருக்குப் படைப்பாளி என்ற பெயர் மட்டும் மிச்சம். உரிமை வேறொருவரிடம் இருந்தாலும் ‘இது நான் எடுத்த படம்’ என்று சொல்லிக்கொள்ள 57ஆவது பிரிவு அவருக்கு இடம் தருகிறது.

ஆனால் தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களில் இந்தச் சட்டம் நெடுங்காலம் ஏட்டளவில்தான் இருந்தது. நெகட்டிவ் ஸ்டுடியோக்காரரின் பீரோவில் இருந்தது. நெகட்டிவ் யாரிடமோ அவரிடமே படமும் இருந்தது. உரிமை பற்றி யாரும் பேசவில்லை, பேசத் தேவையும் வரவில்லை. டிஜிட்டல் கேமரா வந்து நெகட்டிவை ஒழித்த பிறகுதான் சட்டம் சொன்னது நடைமுறையாயிற்று.

இந்தக் கட்டுரையின் வாதம் இதுதான்: நெகட்டிவ் கையில் இருந்தவரை கல்யாணப் புகைப்படக்காரர் ஒரு சிறு முதலாளி. அது போனதும் அவர் ஏறக்குறைய நாள் கூலிக்காரர் ஆகிவிட்டார். இதனால் விழுந்த பள்ளத்தை இன்றுவரை நிரப்பிவருவது அவருடைய குடும்பத்தின் சம்பளமில்லாத உழைப்பு.

கண்ணாடித் தகடு முதல் கலர் லேப் வரை

1839 ஆகஸ்ட் 19 அன்று பாரிஸில், தாகேர் கண்டுபிடித்த புகைப்பட முறை உலகறிய வெளியிடப்பட்டது. பதினேழே ஆண்டுகளில் மதராஸில் புகைப்படச் சங்கம் உருவாகிவிட்டது. 1850இல் இங்கே ஓவியப் பள்ளியைத் தொடங்கிய மருத்துவர் அலெக்சாண்டர் ஹன்டர்தான் 1856இல் அதற்கும் முன்நின்றவர். மதராஸ் அரசாங்கத்தின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் 1858இல் மதுரை, தஞ்சாவூர்க் கோயில்களைப் படமெடுத்தார். கோயிலையும் கோட்டையையும் பார்த்துவந்த கேமரா சாதாரணக் குடும்பங்களின் பக்கம் திரும்பியது ஊர்களில் ஸ்டுடியோக்கள் வந்த பிறகுதான். அந்தப் பழைய தமிழ் ஸ்டுடியோக்களின் படங்களைத் தேடித் திரட்டும் வேலையைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவோடு செய்திருக்கிறது.

அந்தக் காலத்துக் கல்யாணப் படம் என்பது பெரும்பாலும் ஒரே ஒரு படம். கல்யாணம் முடிந்த பிறகு ஜோடியாக ஸ்டுடியோவுக்கு வந்து எடுத்துக்கொள்வார்கள். அல்லது வீட்டு முற்றத்தில் பகல் வெளிச்சத்தில் பெஞ்சு போட்டு, இரண்டு பக்கத்துச் சொந்தங்களும் சூழ நிற்பார்கள். பிரெஞ்சு சமூகவியலாளர் பியர் பூர்தியு 1965இல் வெளிவந்த புகைப்படம் பற்றிய நூலில், தன் சொந்த மண்ணான பேயார்ன் பகுதிக் கிராமத்துக் கல்யாணப் படங்களை ஆராய்ந்தார். குடும்பம் தன் ஒற்றுமையைத் தனக்கே உறுதிசெய்துகொள்ளும் சடங்கு என்று கல்யாணத்தில் படமெடுப்பதற்கு அவர் விளக்கம் தந்தார். நம் ஊர் குரூப் போட்டோவுக்கும் இது அப்படியே பொருந்தும். நாற்காலியில் யார், பின்வரிசையில் யார், தாய்மாமன் எந்தப் பக்கம் என்பதெல்லாம் உறவின் வரைபடம். ‘என்னைப் போட்டோவுக்குக் கூப்பிடவே இல்லை’ என்ற மனத்தாங்கல் இரண்டு தலைமுறை நீடித்த குடும்பங்கள் உண்டு.

கண்ணாடித் தகடு போய் ஃபிலிம் வந்த பின் படங்களின் எண்ணிக்கை கூடியது. ஆனாலும் சிக்கனம் இருந்தது. யாஷிகா, ரோலிஃபிளெக்ஸ் மாதிரியான இரட்டை லென்ஸ் கேமராக்களில் 120 ஃபிலிம் போட்டால் 12 சதுரப் படங்கள். 35 மில்லிமீட்டர் ரோலில் 36. 1960இல் உதகமண்டலத்தில் தொடங்கிய பொதுத்துறை நிறுவனமான ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிமையும் பேப்பரையும் ஸ்டுடியோக்களுக்குத் தந்தது. டார்க் ரூமில் கழுவிய நெகட்டிவில் கூர்சீவிய பென்சிலால் ‘டச்சிங்’ செய்வது ஒரு தனிக்கலை. முகத்தின் தழும்பும் கண்ணடிக் கருவளையமும் அங்கேயே மறைந்துவிடும். அந்தக் கை யாருக்கு இருந்ததோ அவருடைய ஸ்டுடியோவைத் தேடி மக்கள் வந்தார்கள்.

எண்பதுகள் முதல் கலர் பரவியது. டார்க் ரூம் தொழிலின் ஒரு பகுதி லேப்களுக்குப் போனது. அடுத்து வீடியோ வந்தது. ஆயிரம் வாட் ஹாலஜன் விளக்கைத் தூக்கிப்பிடிக்க ஒருவர், வயரைச் சுருட்டிக்கொண்டு பின்னால் ஓட ஒருவர் என ஒரு ‘செட்’ உருவானது. வீடியோ மிக்ஸிங்கில் மணமக்கள் தாமரைக்குள்ளிருந்து எழுந்துவந்தார்கள்.

இத்தனை மாற்றத்திலும் ஒன்று மாறவில்லை. நெகட்டிவ் ஸ்டுடியோவில்தான் இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு சம்பந்தி வீட்டுக்கு ஒரு செட், அமெரிக்காவில் இருக்கும் மாமாவுக்கு ஒரு செட் என்று பிரிண்ட் கேட்டு வருவார்கள். பாக்கி தராதவர்களும் பிரிண்டுக்காக வந்தே ஆகவேண்டும். இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. கல்யாண குரூப்பில் ஓரமாக நின்ற பெரியவர் பத்து வருஷம் கழித்து இறந்துபோவார். வீட்டில் மாலை போட அவருடைய தனிப்படம் இருக்காது. அந்த நெகட்டிவைத் தேடியெடுத்து, முகத்தை மட்டும் பெரிதாக்கிச் சட்டம் போட்டுத் தருபவர் அதே ஸ்டுடியோக்காரர். ஒரு கல்யாணம் அவருக்கு முப்பது வருஷம் வரை வருமானம் தந்தது. ஓர் ஊரின் முகங்களை அவர் பீரோவில் வைத்திருந்தார்.

நெகட்டிவ் போனது

2004இல் நிக்கான் டி70 மாதிரியான கேமராக்கள் வந்தபோது டிஜிட்டல் முதன்முறையாகச் சிறுநகர ஸ்டுடியோக்காரருக்கு எட்டும் தூரத்துக்கு வந்தது. 2006இல் கொனிகா மினோல்டா கேமரா, ஃபிலிம் தொழிலிலிருந்தே விலகுவதாக அறிவித்தது. 2008இல் நிக்கான் டி90, கேனான் 5டி மார்க் 2 ஆகிய இரண்டும் புகைப்படக் கேமராவிலேயே வீடியோவையும் கொண்டுவந்தன; இன்று ‘சினிமாட்டிக்’ என்று சொல்லப்படும் கல்யாண வீடியோவின் தொடக்கம் அதுதான். 2012 ஜனவரியில் கோடாக் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. ஒரு தலைமுறை கற்ற தொழில்நுட்பம் எட்டே ஆண்டுகளில் காலாவதியாயிற்று.

ஃபிலிமுக்கும் கழுவலுக்கும் ஆன செலவு போய்விட்டதால் புகைப்படக்காரருக்கு லாபம் என்றே முதலில் தோன்றியது. நடந்தது வேறு. ஐந்தாறு ரோலில் இருநூறு படம் எடுத்த இடத்தில் இன்று நான்காயிரம் படம் எடுக்கிறார்கள். ஒரு படத்துக்கு ஐந்து விநாடி என்று பார்த்து ஒதுக்கினாலே ஐந்தரை மணி நேரம் ஆகும். அதன் பிறகு கலர் திருத்தம், ஆல்பம் டிசைன், வீடியோ எடிட்டிங். லேப்காரர் செய்த வேலையும், டச்சிங் கலைஞர் செய்த வேலையும் கம்ப்யூட்டர் வழியாகப் புகைப்படக்காரரின் வீட்டுக்கே வந்து சேர்ந்தன. செலவு குறைந்தது உண்மை. அதற்கு ஈடாகக் கூடிய உழைப்பு ரசீதில் ஏறவே இல்லை.

அதைவிடப் பெரிய மாற்றம் பேரம் பேசும் பலம் போனதுதான். ‘படம் எல்லாத்தையும் பென்டிரைவ்ல போட்டுக் குடுத்துடுங்க தம்பி’ என்று மண்டபத்திலேயே கேட்கிறார்கள். கொடுத்துவிட்டால் வாட்ஸ்அப் வழியாகச் சொந்தம் முழுக்கப் பரவிவிடும். பிரிண்டுக்கு யாரும் திரும்பி வருவதில்லை. பழைய நெகட்டிவ்களை இடத்தை அடைக்கிறது என்று அதிலிருந்து வெள்ளியைப் பிரித்தெடுப்பவர்களிடம் எடைக்குப் போட்ட ஸ்டுடியோக்களும் உண்டு. ஊரின் நினைவும் அதோடு போனது.

பஞ்சாங்கம் வகுக்கும் வருமானம்

ஆடி, மார்கழி மாதங்களில் இந்துக் கல்யாணம் பெரும்பாலும் கிடையாது. புரட்டாசியைப் பலர் தவிர்க்கிறார்கள். பங்குனியும் சித்திரையும் சாதிக்குச் சாதி, வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபடும். மிச்சமுள்ள மாதங்களிலும் வளர்பிறை முகூர்த்தத்தையே முதலில் தேடுவார்கள். ஆக, வருஷத்தில் வேலை இருக்கும் நாள்களைப் பஞ்சாங்கமே பொறுக்கிக் கொடுக்கிறது. ஆவணியில் ஒரு நல்ல முகூர்த்தத்துக்கு ஐந்து பார்ட்டி வந்து நிற்கும். ஒன்றைத்தான் நேரில் எடுக்க முடியும். மற்றதைத் தெரிந்த புகைப்படக்காரர்களுக்குப் பிரித்துக்கொடுப்பதும், அடுத்த முகூர்த்தத்தில் அவர்களிடம் நாள் சம்பளத்துக்குப் போவதும் இந்தத் தொழிலின் எழுதப்படாத ஏற்பாடு. ஒருநாள் முதலாளியாக இருப்பவர் மறுநாள் இன்னொருவரின் ‘செகண்ட் கேமரா’.

மீதி மாதங்களில் சோறு போடுவது சின்ன வேலைகள்தான். பள்ளி திறக்கும் ஜூனில் பாஸ்போர்ட் சைஸ் படங்கள், பள்ளி குரூப் போட்டோ, ஆடியில் அம்மன் கோயில் திருவிழா, நடுவில் காதுகுத்து, வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு. இழவு வீட்டுக்கும் அதே கேமராதான் போகிறது. மணவறையில் ‘கொஞ்சம் சிரிங்க’ என்று சொன்னவர், அடுத்த வாரம் அதே குடும்பத்தின் பாட்டியை நாற்காலியில் சாய்த்துவைத்து எடுக்கப்படும் கடைசிப் படத்துக்குப் பேசாமல் லைட் அமைப்பார்.

பஞ்சாங்கத்தை நம்பிய இந்தப் பொருளாதாரம் எவ்வளவு மெலிந்தது என்பதை 2020 காட்டியது. மார்ச் 24 இரவு நாடு தழுவிய ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. சித்திரை, வைகாசி, ஆனி என்று சீசன் வரிசையாகச் சாய்ந்தது. கல்யாணத்துக்கு ஐம்பது பேர் என்று உச்சவரம்பு வந்தபோது, கேமராக்காரர்களும் அந்த ஐம்பதில் சேர்த்தியா என்பதே மண்டபத்தில் பேச்சானது. தவணையில் கேமரா வாங்கியிருந்தவர்கள் அதை விற்றார்கள். வேறு வேலைக்குப் போனவர்களில் திரும்பாதவர்களும் உண்டு.

மூன்று முடிச்சு

வேலையின் அழுத்தத்தைப் புரிந்துகொள்ள ஒரு முகூர்த்தத்தைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். முதல் நாள் மாலை ஆறு மணிக்கு ரிசப்ஷன் தொடங்கும். மேடைக்கு வரிசையில் வரும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு படம். கவரைக் கொடுத்துவிட்டு நிமிரும்போது அவர்கள் முகம் விழவேண்டும். கூட்டம் கலைய பதினொன்றாகிவிடும். கடைசிப் பந்தியில் சாப்பிட்டுவிட்டு, மெமரி கார்டை ஹார்ட் டிஸ்க்கில் பேக்கப் எடுத்து, பேட்டரிகளைச் சார்ஜில் போட்டுவிட்டு, மண்டபத்து அறையில் பாயை விரித்தால் மூன்று மணிக்குப் பெண் அலங்காரம் தொடங்கிவிடும். ஃபுல் ஃபிரேம் பாடியும் 70-200 லென்ஸும் சேர்ந்து ஏறக்குறைய இரண்டு கிலோ வரும். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு இரவும் பகலும் நிற்பவர்களுக்கு முதுகுவலியும் தோள்வலியும் தொழிலோடு ஒட்டிய நோய்.

காலை முகூர்த்தம். தாலித் தட்டு எல்லோரிடமும் ஆசி வாங்கிக்கொண்டு மணவறைக்குத் திரும்புகிறது. நாயனக்காரர் ஐயரின் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். புகைப்படக்காரர் இருவரையும் பார்த்துக்கொண்டிருக்கிறார். கை உயர்ந்ததும் கெட்டிமேளம். மாப்பிள்ளை குனிந்து மணப்பெண்ணின் கழுத்தைச் சுற்றிக் கயிற்றைக் கொண்டுபோகிறார். நாத்தனார் மூன்றாவது முடிச்சுக்காகப் பின்னால் காத்திருக்கிறார். மேடையில் சூழ்ந்தவர்கள் ஒரே நேரத்தில் முன்னால் சாய்கிறார்கள். அட்சதை லென்ஸின்மேல் விழுகிறது. எங்கிருந்தோ நான்கு செல்போன்கள் குறுக்கே நீளுகின்றன. இத்தனைக்கும் நடுவே மணப்பெண்ணின் முகமும் மாப்பிள்ளையின் விரல்களும் தாலியும் ஒரே ஃபிரேமில் தெளிவாக விழவேண்டும். ஃபிலிம் காலத்தில் ஃபிளாஷ் மறுபடி சார்ஜ் ஆகவே சில விநாடிகள் பிடிக்கும். கிடைத்தது ஒன்றோ இரண்டோ படம்தான். இன்று விநாடிக்குப் பத்துப் படம் எடுக்க முடிகிறது. தவறவிட்டால் மன்னிப்புக் கிடையாது என்பது மட்டும் அப்படியே இருக்கிறது.

கேமராவை இயக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. கொங்கு வேளாளர் கல்யாணத்தில் அருமைக்காரர் செய்யும் சீர்கள் எந்த வரிசையில் வரும், நகரத்தார் வீட்டில் திருப்பூட்டு எப்போது, பிராமணர் கல்யாணத்தில் காசி யாத்திரை முடிந்து ஊஞ்சலுக்கு எவ்வளவு நேரம், நிக்காவில் பெண்கள் பகுதிக்கு யாரை அனுப்புவது, சுயமரியாதைத் திருமணத்தில் மாலை மாற்றுவதே முக்கியக் கணம் என்பதெல்லாம் தெரிந்திருக்கவேண்டும். பல வீடுகளில் அடுத்த சடங்கு என்ன என்று வீட்டுப் பெரியவர்களுக்கே தயக்கம் வரும்போது, எடுத்துச் சொல்பவர் புகைப்படக்காரர்தான். எந்தப் பள்ளியும் கற்றுத்தராத சமூக அறிவு அது. அசிஸ்டென்டாக லைட் பிடித்து நின்ற வருஷங்களில் சேர்வது.

இந்தப் படங்களின் பயனும் ஆல்பத்தோடு முடிவதில்லை. வெளிநாட்டில் இருக்கும் கணவன் அல்லது மனைவியிடம் சேர விசா கேட்பவர்கள், திருமணம் உண்மையானது என்பதற்கு மற்ற ஆவணங்களோடு கல்யாணப் படங்களையும் வைக்கிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து கனடாவுக்கும் பிரித்தானியாவுக்கும் போகும் விண்ணப்பங்களில் இது வெகு காலமாக நடப்பது.

வீட்டுக்குள் ஒரு ஸ்டுடியோ

முகூர்த்த நாளில் ஊரெல்லாம் கல்யாணம். புகைப்படக்காரரின் சொந்தத்திலும் கல்யாணம். அவர் போக முடியாது. மனைவி பிள்ளைகளோடு போய் மொய் எழுதிவிட்டு, ‘அவருக்கு ஆர்டர் இருக்கு’ என்று சொல்லிவிட்டு வருவார். தங்கை மகளின் கல்யாணத்துக்குப் போனாலும் கேமராவோடுதான். குரூப் போட்டோவில் அவர் இருக்கமாட்டார். பிள்ளையின் பள்ளி ஆண்டுவிழா சனி ஞாயிறில் வரும், கல்யாணமும் அப்போதே வரும். தை மாதத்தில் மருத்துவரைப் பார்க்கவேண்டிய வலி ஆடி வரை ஒத்திப்போகும். நல்ல நாள்களில் வீட்டில் இல்லாதவர், வேலையில்லாத மாதங்களில் நாள் முழுக்க வீட்டில் கவலையோடு உட்கார்ந்திருப்பார். இரண்டுமே வீட்டுக்குச் சுமைதான்.

சிறுநகர ஸ்டுடியோ பெரும்பாலும் வீட்டின் முன்னறையிலோ மாடியிலோ இயங்குகிறது. கணவர் மண்டபத்தில் இருக்கும்போது பாஸ்போர்ட் படம் எடுத்து, வெட்டிக் கவரில் போட்டுக் கொடுப்பவர் மனைவி. ஒரு காலத்தில் ஆல்பத்தில் படம் ஒட்டியவர், இன்று போட்டோஷாப்பில் ஆல்பம் டிசைன் செய்கிறார். ‘ஆல்பம் எப்ப கிடைக்கும்?’ என்று வரும் போனுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்பவரும் அவரே. கல்லூரி படிக்கும் மகன் வீடியோ எடிட்டிங்கில் உட்காருகிறான். இவர்களில் யாருக்கும் சம்பளக் கணக்குக் கிடையாது. ஆர்டர் பேசும்போது சொல்லும் விலையில் கேமரா வாடகை இருக்கிறது, அசிஸ்டென்டின் சம்பளம் இருக்கிறது, லேப் பில் இருக்கிறது; மனைவியின் பத்து நாள் டிசைன் வேலை இல்லை. வெளியில் கொடுத்தால் பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு கேட்கும் வேலை அது. சந்தையில் விலையை இறக்கிப் போட்டியிட முடிகிறது என்றால், அந்தத் தள்ளுபடியைத் தருவது வீட்டுப் பெண்தான்.

அண்மை ஆண்டுகளில் பெண்கள் தாங்களே கேமராவோடு மண்டபத்துக்கு வருவது கூடியிருக்கிறது. மணப்பெண்ணின் அறையிலும் மஞ்சள் நீராட்டு வீட்டிலும் பெண் புகைப்படக்காரரைக் கேட்டு வாங்கும் குடும்பங்கள் இருக்கின்றன. ஆனால் இரவு பதினொன்றுக்கு மேல் மண்டபத்தில் தங்க அவர்களுக்குத் தனி அறை தரவேண்டும் என்று முன்கூட்டியே யோசிக்கும் வீடுகள் குறைவு.

பாக்கி

கல்யாணச் செலவில் மண்டபம், சமையல், நகை, துணி எல்லாம் கல்யாணத்துக்கு முன்போ அன்றைக்கோ தீர்க்கப்படும். புகைப்படக்காரருக்கு மட்டும் அட்வான்ஸ், கல்யாணத்தன்று ஒரு பகுதி, ஆல்பம் கொடுக்கும்போது மீதி என்ற வழக்கம். ஆல்பம் அச்சுக்குப் போக மணமக்கள் படங்களைத் தேர்ந்தெடுக்கவேண்டும். நான்காயிரம் படத்தில் இருநூறைப் பொறுக்குவது அவர்களுக்கும் மலைப்புத்தான். அதற்குள் வேலைக்குத் திரும்பியிருப்பார்கள், வெளியூர் போயிருப்பார்கள். மாதக்கணக்கில் செலக்‌ஷன் தள்ளிப்போக, மீதித் தொகையும் தள்ளிப்போகிறது. படங்கள் ஏற்கெனவே பென்டிரைவில் கைக்கு வந்துவிட்டதால் அவர்களுக்கு அவசரமும் இல்லை. முதல் குழந்தையின் காதுகுத்துக்கு ஆர்டர் பேச வரும்போது கல்யாண ஆல்பத்தை நினைவுபடுத்தவேண்டிய நிலை பல ஸ்டுடியோக்களில் வேடிக்கைக் கதையாகவே புழங்குகிறது. அந்தப் படங்கள் உள்ள ஹார்ட் டிஸ்க்குகள் அதுவரை அலமாரியில் அடைகாக்கின்றன.

முதலீடோ ஏறிக்கொண்டே போகிறது. ஃபுல் ஃபிரேம் பாடியும் இரண்டு நல்ல லென்ஸும் சில லட்சங்களை விழுங்கும். டிரோன், கிம்பல், மண்டபத்து எல்இடி திரைக்கு நேரலை என்று ஒவ்வொரு சீசனும் புதிதாக ஒன்றைக் கேட்கும். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு. புகைப்படச் சேவைக்கு வரி 18 சதவீதம். பதிவு செய்யாத சிறியவரோடு பதிவு செய்தவர் போட்டி போடமுடிவதில்லை. பெரிய நிறுவனத்தோடு சிறியவர் போட்டி போடமுடிவதில்லை.

பிரச்சினை ஒருபக்கமாக மட்டும் இல்லை. மணமக்களைக் கேட்காமல் அவர்களுடைய படங்களை இன்ஸ்டாகிராமில் விளம்பரமாகப் போடும் புகைப்படக்காரர்களும் இருக்கிறார்கள். சட்டப்படி படம் எடுக்கச் சொன்ன வீட்டாருடையது என்பதோடு, மணப்பெண்ணின் முகம் எங்கே போகலாம் என்று முடிவு செய்யும் உரிமையும் அவளுடையது. ஒரே கார்டை நம்பி, பேக்கப் எடுக்காமல், ஒரு குடும்பத்தின் கல்யாணப் படங்களையே தொலைத்தவர்களையும் தொழில் அறியும். இதற்கெல்லாம் வாய்ப்பேச்சு போதாது.

பெரும்பாலான சிக்கல்களுக்கு ஒரு பக்க ஒப்பந்தம் போதும். 17(பி) பிரிவே ‘வேறு உடன்பாடு இல்லாவிட்டால்’ என்று கதவைத் திறந்துவைத்திருக்கிறது. எத்தனை படம், எத்தனை பக்க ஆல்பம், தேர்வுக்கு எத்தனை நாள், அது தாண்டினால் மீதித் தொகை எப்போது, படங்களை எவ்வளவு காலம் வைத்திருப்பது, விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாமா என்பதை அட்வான்ஸ் வாங்கும்போதே எழுதிக் கையெழுத்துப் போடலாம். எடிட்டிங்கும் டிசைனும் தனித் தனி வரியாக விலையில் ஏறவேண்டும். அப்போதுதான் வீட்டில் நடக்கும் உழைப்பு கண்ணுக்குத் தெரியும். புகைப்படக்காரர் சங்கங்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. இப்படி ஒரு மாதிரிப் படிவத்தைத் தமிழில் அச்சடித்து உறுப்பினர்களுக்குக் கொடுப்பது அவை செய்யக்கூடிய மிக எளிய, மிகப் பயனுள்ள காரியம்.

கல்யாணம் வைத்திருக்கும் வீட்டாருக்கு இரண்டே வேண்டுகோள். படங்கள் கைக்கு வந்த ஒரு மாதத்துக்குள் ஆல்பத்துக்கான தேர்வை முடித்து மீதித் தொகையைக் கொடுத்துவிடுங்கள். முகூர்த்தம் முடிந்ததும் கேமராக்காரர்களுக்கும் லைட் பிடிக்கும் பையனுக்கும் இரண்டாம் பந்தியிலேயே இலை போடச் சொல்லுங்கள்.